சீடார் வேலியின் அடி மொட்டையாகிவிட்டதா? வெட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

கேள்வி: நாங்கள் கனடாவில், ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோவின் கிழக்குப் பக்கத்தில், ரூஜ் பூங்காவுக்குக் கிட்ட இருக்கிறோம். வீட்டை வாங்கும்போதே வளவின் ஒரு கரையில், தெரு நடைபாதையிலிருந்து பின்வளவு முடியும்வரை சீடார் என்ற ஊசியிலை மரத்தை நெருக்கி நட்ட உயிர்வேலி இருந்தது. இப்போது எட்டு அடி உயரம் இருக்கும். மேலே நல்ல பச்சை. ஆனால் நிலத்திலிருந்து இரண்டு அடிக்கு இலையே இல்லை, தடிகள்தான் தெரிகின்றன. இரண்டு மூன்று இடங்களில் பெரிய பொட்டு விழுந்து, பக்கத்து வீட்டு நாய் அதற்குள்ளால் வந்து போகிறது. என் கணவர், "யாழ்ப்பாணத்தில் கிளுவையைத் தறித்தால் தழைக்கவில்லையா? இதையும் பாதியாக வெட்டிவிட்டால் அடியிலிருந்து வரும்" என்கிறார். நர்சரியில் எவர்கிரீன் பசளை (வருடம் முழுதும் பச்சையாக நிற்கும் மரங்களுக்கானது) ஒரு பை தந்தார்கள். வேலி பார்க்க வந்த தோட்டக்காரர், எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதிதாக வைக்கச் சொல்கிறார். இடைவெளிகளில் சின்னச் சீடார் கன்றுகளை நட்டு நிரப்பலாமா? படங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்: உங்கள் கணவர் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன், அம்மா. ஏனென்றால் வெயில் வந்ததும் அவர் ட்ரிம்மரைக் கையில் எடுத்துவிடக்கூடும். பாதியாக வெட்ட விடாதீர்கள்.

யாழ்ப்பாணத்து வளவுகளைப் பார்த்து வளர்ந்தவருக்கு அந்த எண்ணம் வருவது இயல்புதான். கிளுவைக் கதியாலை மண்ணில் ஊன்றினாலே வேர்விடும். பூவரசையும் முள்முருக்கையும் ஆளுயரத்தில் தறித்துவிட்டால், அடுத்த மழைக்கு வெட்டுவாயைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகத் தளிர் வரும். அந்த மரங்களின் பட்டைக்கு அடியில் உறங்கும் மொட்டுகள் ஏராளம். மேலே வெட்டு விழுந்ததும் அவை விழித்துக்கொள்ளும். சீடாரில் அந்த வசதி இல்லை. அதன் வளர்ச்சியெல்லாம் பச்சை இலை இருக்கும் கொப்புகளில்தான். இலை உதிர்ந்து பழுப்பாகிவிட்ட கொப்பு மறுபடி துளிர்ப்பதில்லை. பசளையோ தண்ணீரோ வெயிலோ எதைக் கொடுத்தாலும் துளிர்ப்பதில்லை.

சந்தேகம் இருந்தால் வேலியின் நடுவில் கையை விட்டுக் கொப்புகளை விலக்கிப் பாருங்கள். வெளிப்பக்கம் ஒரு சாண் அளவுக்குப் பச்சை இருக்கும். அதற்கு உள்ளே அடிமரம்வரை காய்ந்த பழுப்புக் குச்சிகள்தான். நன்றாக இருக்கிற சீடார் வேலியும் உள்ளே அப்படித்தான் இருக்கும். பக்கவாட்டில் அந்தப் பச்சையைத் தாண்டி வெட்டினால் பழுப்பு வெளியே தெரியும், தெரிந்தபடியே நிற்கும். பைனுக்கும் ஸ்புரூஸுக்கும் இதே குணம்தான். ஊசியிலை மரங்களில் தாராளமான விதிவிலக்கு யூ மரம். அதை மொத்தத் தடிவரை வெட்டினாலும் துளிர்க்கும். இந்த யூவைப் பற்றிக் கீழே மறுபடி சொல்கிறேன், உங்களுக்கு உதவும்.

(ஒரு இடைச்செருகல். செப்டெம்பர், ஒக்டோபரில் சீடாரின் உள்பக்க இலைகள் செம்பழுப்பாகி உதிரும். "மரம் சாகிறது" என்று பதறி எழுதுகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. அது நோயல்ல; பழைய இலை கழிவதுதான்.)

ஆகவே அடியில் போன இலை போனதுதான். அந்த இடத்தை நிரப்புவதானால் பச்சையை வேறு இடத்திலிருந்து கொண்டுவர வேண்டும். பக்கத்துக் கொப்பை இழுத்து வரலாம், அல்லது வேறு செடியை நடலாம். எந்த இடத்துக்கு எது என்று தீர்மானிக்க, இலை ஏன் போனது என்று முதலில் பார்க்க வேண்டும். உங்கள் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒரே வேலிதான் என்றாலும் மூன்று இடத்தில் மூன்று காரணம் தெரிகிறது.

தெருப் பக்கத்து முதல் பத்து அடியைப் பாருங்கள். நடைபாதையைப் பார்த்த முகம் மட்டும் கருகியிருக்கிறது; உங்கள் வீட்டைப் பார்த்த முகத்தில் அதே உயரத்தில் இலை இருக்கிறது. இது உப்பு. பனிக்காலத்தில் தெருவிலும் நடைபாதையிலும் தூவுகிற உப்பு, பனி வழிக்கும் வண்டியின் வீச்சில் இலைமேல் படுகிறது. மிச்சம் மண்ணுக்குள் இறங்கி வேர் தண்ணீர் எடுப்பதைக் கெடுக்கிறது. நீங்களும் டிரைவ்வேயில் வழிக்கிற பனியை அந்த மூலையில்தான் குவிக்கிறீர்கள் என்று இரண்டாவது படத்தில் தெரிகிறது. அந்தக் குவியலுக்குள் உப்பும் சேர்ந்து கிடக்கிறது. பாரத்தில் கீழ்க் கொப்புகள் முறிந்தும் போகின்றன. குவியலை வேறு பக்கம் மாற்றுங்கள். உங்கள் டிரைவ்வேக்கு உப்புக்குப் பதிலாக மணல் தூவுங்கள். நவம்பரில் அந்தப் பத்து அடிக்கும் முளை அடித்துச் சாக்குத் துணியைத் திரையாகக் கட்டுங்கள். இலையோடு ஒட்டிச் சுற்ற வேண்டாம், ஒரு சாண் தள்ளி நிற்கட்டும். ஏப்ரலில் மண் இளகியதும் அந்த மூலைக்கு இரண்டு மூன்று தடவை ஹோஸ் போட்டு, நன்றாக ஊறி இறங்கும்படி தண்ணீர் விட்டால் உப்பில் ஒரு பங்கு கீழே கழுவிப் போகும்.

நடுப் பகுதியில் வேறு மாதிரி. அங்கே இலை போன எல்லை, அளவுகோல் வைத்துக் கோடு போட்டதைப்போல் நேராக, இரண்டு அடி உயரத்தில் நிற்கிறது. நிழலாலோ நோயாலோ இவ்வளவு நேர்க்கோடு வராது. யாரோ நின்று சாப்பிட்டிருக்கிறார்கள். ரூஜ் பக்கத்தில் மான்கள் உண்டு, சீடார் அவற்றுக்குப் பனிக்காலத்தில் பிடித்த தீனி. ஆனால் மான் என்றால் ஐந்து, ஆறு அடிவரை மேய்ந்திருக்கும். உங்கள் வேலியில் மேல்பகுதிக்குச் சேதமே இல்லை. ஆகவே முயல். குச்சியின் முனையைப் பார்த்தும் சொல்லலாம். முயல் கடித்தது கத்தியால் சரிவாக வெட்டியதுபோல் துப்புரவாக இருக்கும். மானுக்கு மேல்தாடையில் முன்பல் இல்லாததால் அது பிய்த்துத்தான் எடுக்கும், முனை நார் நாராக இருக்கும். கிட்டப் போய் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கடிபட்ட குச்சியில் கொஞ்சமாவது பச்சை மிஞ்சியிருந்தால் அது மீண்டு வரும். பழுப்புவரை மொட்டை அடித்திருந்தால் வராது.

நாய் நுழைகிற பொட்டுகளும் இந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. நாய் ஒரே இடத்தில் காலைத் தூக்கினால் அந்த இலை கருகிப் போகும். பொட்டுக்கு இரண்டு பக்கமும் கருகியிருப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

பின்வளவுப் பகுதிதான் சிக்கலானது. அங்கே ஒரு பெரிய மேப்பிள் நிற்கிறது. ஓர் இலையைக் காம்போடு பறித்து முறித்துப் பாருங்கள்; பால் வந்தால் நோர்வே மேப்பிள். ரொறன்ரோவில் எங்கே பார்த்தாலும் இருக்கிற மரம்தான். அடர்த்தியான நிழல், வேரும் மேலாகவே பரவி மண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடும். சீடார் கொஞ்சம் நிழலைத் தாங்கும், ஆனால் ஒரு நாளைக்கு நான்கைந்து மணி நேர வெயிலாவது இல்லாவிட்டால் அடர்த்தியாக இராது. நிழலில் முதலில் கைவிடப்படுவது கீழ்க் கொப்புதான்.

இந்த மூன்றுக்கும் மேலாக, வேலி முழுவதற்கும் பொதுவான ஒரு காரணம் இருக்கிறது. மக்கள் இதை ஏனோ கவனிப்பதே இல்லை. உங்கள் வேலியை ஒரு முனையில் நின்று, நீளவாக்கில் பாருங்கள். மேலே நாலு அடி அகலம், கீழே இரண்டரை அடி. தலை பெருத்து, இடை சிறுத்து நிற்கிறது. வருடக்கணக்காகக் கைக்கு எட்டிய இடத்தை ஒட்ட வெட்டிவிட்டு, எட்டாத மேல்பகுதியை மேலோட்டமாகத் தட்டிவிட்டால் இந்த வடிவம்தான் வரும். மேல்பகுதியே கீழ்ப்பகுதியின் வெயிலை மறைக்கிறது. வேலி எப்போதும் அடியில் அகலமாகவும் நுனியில் ஒடுக்கமாகவும் இருக்க வேண்டும். சுவர்போல் நேராக நிற்பதுகூடப் போதாது, இரண்டு முகமும் உள்நோக்கிச் சாய வேண்டும். எட்டு அடி வேலிக்கு ஒவ்வொரு பக்கமும் ஆறு அங்குலச் சாய்வு இருந்தால் நல்லது.

உங்கள் வேலியில் இதை ஒரே தடவையில் செய்ய முடியாது. பச்சை ஒரு சாண்தான் என்று சொன்னேன் அல்லவா? அதற்குள் நின்றுதான் வெட்ட வேண்டும். ஒவ்வொரு வருடமும் மேல்பகுதியின் பக்கங்களில் இரண்டு மூன்று அங்குலம் எடுங்கள், பின்னால் பச்சை மிஞ்சியிருக்கும்படி பார்த்து எடுங்கள். மூன்று நான்கு வருடத்தில் வடிவம் திரும்பிவிடும். உயரத்தில் மட்டும் கொஞ்சம் துணிச்சல் காட்டலாம். எட்டு அடியை ஆறரை அடியாக இறக்கினால் உச்சியில் வெட்டிய தடிகள் தெரியும், ஆனால் அதை மாடியிலிருந்து பார்த்தால்தான் காணலாம்; பக்கத்துப் பச்சைக் கொப்புகள் மெல்ல மெல்ல அதை மூடிவிடும். உயரம் குறைந்தால் ஏணி இல்லாமலே ஒழுங்காகக் கத்தரிக்கலாம். தலை பெருக்கிற பிரச்சினையும் திரும்பி வராது. இரண்டு முனையிலும் தடி நட்டு, சாய்வாக நூல் கட்டிக்கொண்டு வெட்டச் சொல்லுங்கள். கண்மதிப்பில் வெட்டினால் எப்படியும் மேலே அகலம் மிஞ்சிவிடும்.

காலம்: ஜூன் கடைசி, அல்லது ஜூலை முதல் வாரம். வசந்தத்தில் வந்த புதுத் துளிர் அப்போது முற்றியிருக்கும். தேவைப்பட்டால் ஓகஸ்ட் நடுப்பகுதியில் இன்னொரு முறை இலேசாகத் தட்டலாம். அதற்குப் பிறகு வேண்டாம். பிந்தி வெட்டினால் வருகிற இளந்துளிர் குளிரில் கருகும். ஆனால் நீங்கள் வெட்டுகிற அதே காலத்தில்தான் ரொபினும் மோர்னிங் டவ் புறாவும் சீடாருக்குள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. 1994ஆம் ஆண்டின் இடம்பெயர் பறவைகள் சட்டப்படி, முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டைக் கலைக்கக் கூடாது. ஆகவே வெட்டும் நாளில் முதலில் கொப்புகளை விலக்கிப் பாருங்கள். கூடு இருந்தால் அந்தத் துண்டை மட்டும் விட்டுவிட்டு, குஞ்சுகள் பறந்த பிறகு வெட்டலாம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இவ்வளவும் செய்தால் மொட்டை மேலே ஏறாமல் நிற்கும். முன்னால் நடப்போகும் செடிகளுக்கு வெயில் கிடைக்கும். ஏற்கெனவே மொட்டையான இரண்டு அடியில் இலை வராது.

சரி, இப்போது நிரப்புகிற வேலைக்கு வருவோம்.

நடுப் பகுதியில், நான்காவது படத்தில், பொட்டுக்கு இடப்பக்கத்து மரத்தில் நிலத்தை ஒட்டி மூன்று பச்சைக் கொப்புகள் நீண்டு கிடக்கின்றன. யாரும் கவனிக்காமல் வெட்டி எறிந்துவிடக்கூடியவை. ஆனால் உங்கள் வேலியிலேயே பெறுமதியானவை அவைதான். காட்டில், முக்கியமாகச் சதுப்பு நிலங்களில், வெள்ளைச் சீடாரின் (உங்கள் வேலி மரம் இதுதான்) கீழ்க் கொப்பு ஈரமண்ணில் படுத்துவிட்டால் அங்கேயே வேர்விட்டு எழும்பும். அது விதையில்லாமல் பெருகுகிற வழி அதுதான். நாமும் அதையே செய்விக்கலாம். அந்தக் கொப்பை மெல்ல வளைத்துப் பொட்டுக்கு நேரே இழுத்து வாருங்கள். நிலத்தைத் தொடும் இடத்தில் அடிப்பக்கத்துப் பட்டையை ஒரு விரல் நீளத்துக்கு இலேசாகச் சீவுங்கள். மூன்று அங்குல ஆழத்தில் குழி எடுத்து, சீவிய பகுதியை அதில் படுக்க வைத்து, வளைத்த கம்பியால் குத்தி நிறுத்தி மண்ணை மூடி, மேலே ஒரு கல்லையும் வையுங்கள். முனை ஒரு அடியாவது வெளியே, ஒரு தடியோடு கட்டப்பட்டு நிமிர்ந்து நிற்க வேண்டும். மண் காயவே கூடாது. வேர்விட ஒரு வருடம், பெரும்பாலும் இரண்டு வருடம் எடுக்கும். தாய் மரத்திலிருந்து பிரிக்க அவசரமே இல்லை. பிரிக்காமலே விட்டாலும் நட்டமில்லை. தாய் ஊட்டிக்கொண்டே இருப்பதால், தனியாக நட்ட கன்றைவிட இது பிழைக்கிற வாய்ப்பு அதிகம்.

பொட்டு கொஞ்சம் மேலே இருந்தால் மண் தேவையில்லை. இரண்டு பக்கத்துப் பச்சைக் கொப்புகளையும் இடைவெளிக்குக் குறுக்காக இழுத்து, சணல் கயிற்றால் ஒன்றோடொன்று தளர்வாகக் கட்டிவிடுங்கள். இரண்டு கோடையில் அவை அப்படியே பழகிவிடும். பிறகு கயிற்றை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கொப்பை அறுத்துவிடும்.

இனி, நீங்கள் கேட்ட சின்னச் சீடார் கன்றுகள். நடலாம், ஆனால் நான் நடமாட்டேன். சீடாரின் வேர் ஆழமாகப் போவதில்லை. மேல்மண்ணில் ஒரு அடிக்குள் பாய்போல் பின்னிக் கிடக்கும். அந்தப் பின்னலுக்கு நடுவில் ஒரு குழி தோண்டிக் கன்றை வைத்தால், நீங்கள் விடுகிற தண்ணீரைப் பழைய மரங்களே குடித்துவிடும். மேலே நிழல். போதாததற்கு முயல். ஒரு மரம் முழுதாகச் செத்து, வானம் தெரிகிற அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தால் மட்டும் அதை வேரோடு எடுத்துவிட்டு, பக்கத்து வேர்களை வெட்டி விலக்கி, அதே இனக் கன்றை நடுவது சரி. உங்கள் படங்களில் அப்படி ஒரு மரமும் இல்லை.

அடி மொட்டையை மறைக்க, வேலிக்கு முன்னால், அடிமரத்திலிருந்து இரண்டு அடி தள்ளி ஒரு வரிசை குறுஞ்செடி வைப்பதுதான் என் யோசனை. வறண்ட நிழலைத் தாங்குகிற செடியாக இருக்க வேண்டும். எல்லா இடத்துக்கும் ஒரே செடி சரிவராது. நடுப் பகுதிக்கு டியர்வில்லா என்ற புஷ் ஹனிசக்கிள் நல்லது. நம் ஒன்ராறியோ மாகாணத்தின் சொந்தச் செடி. மூன்று அடி உயரம். வறட்சிக்கும் நிழலுக்கும் அசையாது. வேரிலிருந்து கன்றுவிட்டுத் தானே பரவி இடைவெளிகளை அடைக்கும். கோடையில் மஞ்சள் பூ பூக்கும், வண்டுகள் தேடி வரும். பனிக்காலத்தில் இலை இராது என்பது ஒன்றுதான் குறை. அதற்கு இடையிடையே மார்ஜினல் வுட் ஃபேர்ன் வைத்தால், அந்தப் பன்னம் பனிக்குள்ளும் பச்சையாகவே கிடக்கும்.

தெருப்பக்க மூலைக்கு, வெயிலும் உப்பும் இருப்பதால், க்ரோ-லோ என்று விற்கிற குட்டைச் சுமாக் பொருத்தம். இரண்டு அடிக்கு மேல் அதிகம் எழும்பாது, பக்கவாட்டில் ஆறு அடிவரை பரவும். நம்முடைய மாவும் முந்திரியும் சேர்ந்த குடும்பம்தான் அது. இலையைக் கசக்கினால் வாசம் வரும். தோலில் அரிப்புத் தருகிற பொய்சன் ஐவியும் இதே குடும்பம், ஆனால் இந்தச் சுமாக்கால் அந்தத் தொல்லை இல்லை.

மேப்பிளுக்குக் கீழே இருக்கிற பின்பகுதிக்கு உண்மையில் பச்சைச் சுவர் வேண்டுமானால் யூதான். ஹிக்ஸ் யூ என்று கேளுங்கள். நிழலில் நன்றாக இருக்கும், பனிக்காலத்திலும் பச்சை, மேலே சொன்னதுபோல், பிழையாக வெட்டிவிட்டாலும் துளிர்க்கும். ஆனால் அதன் இலையும் விதையும் மனிதருக்கும் நாய்க்கும் நஞ்சு. சிவப்புப் பழம் பார்க்க அழகாக இருப்பதால் சிறுபிள்ளைகள் வாயில் வைக்கக்கூடும். வீட்டில் தவழுகிற வயதில் குழந்தை இருந்தாலோ, பக்கத்து வீட்டு நாய் கண்டதையும் கடிக்கிற குட்டியாக இருந்தாலோ யூவை விட்டுவிடுங்கள். அப்போது அங்கே பென்சில்வேனியா செட்ஜ் என்ற புல்லும், பிக்ரூட் ஜெரேனியமும் போதும். அவை சுவராகா; வெறும் மண்ணை மூடும், அவ்வளவுதான்.

நர்சரியில் பெரிவிங்கிள், இங்கிலீஷ் ஐவி, கவுட்வீட் என்று நிழலுக்கு மலிவாகத் தருவார்கள். வாங்க வேண்டாம். மூன்றும் ஒன்ராறியோவில் தோட்டத்தைத் தாண்டிக் காட்டுக்குள் பரவி அழிவு செய்பவை. ரூஜ் பூங்காவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அதைச் செய்வது சரியல்ல. ஐந்தாவது படத்தில், பொட்டு ஓரத்தில் ஏறிக்கொண்டிருக்கிற மெல்லிய கொடி டோக்-ஸ்ட்ராங்லிங் வைன் என்றே நினைக்கிறேன். சோடி சோடியாகப் பளபளப்பான இலை, ஜூனில் இளஞ்சிவப்பில் சின்னப் பூ, பிறகு அவரைக்காய் மாதிரி மெல்லிய நெற்று. அதுவாக இருந்தால் காய் வெடித்துப் பஞ்சு பறக்குமுன் வேர்க்கட்டையோடு தோண்டி எடுத்துவிடுங்கள். மொட்டை அடி என்றால் களைகளுக்குத் திறந்த வாசல்; நீங்கள் நிரப்பாவிட்டால் அவை நிரப்பிவிடும்.

நடுகிற விதத்தில் ஒரு விடயம்தான் முக்கியம். செடி வைக்க வசதியாக இருக்கும் என்று வேலிக்கு அடியில் கல் அடுக்கி, ஒரு அடிக்கு மண் கொட்டி மேடாக்குகிறவர்கள் பலர். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் மேலாகக் கிடக்கிற சீடார் வேர் காற்றில்லாமல் மூச்சடைக்கும், அடிமரத்துப் பட்டை ஈரத்தில் அழுகும், சில வருடத்தில் வேலியே பழுக்கத் தொடங்கும். நிலமட்டத்தை உயர்த்தாதீர்கள். பெரிய தொட்டிச் செடி வாங்காமல் நாலு அங்குலத் தொட்டிக் கன்று வாங்குங்கள். வேர்களுக்கு இடையில் கையகலக் குழி போதும். பெருவிரல் மொத்தத்துக்கு மேற்பட்ட வேர் வந்தால் வெட்டாமல் குழியைத் தள்ளி எடுங்கள். மேலே இரண்டு மூன்று அங்குலத்துக்கு மரத்தூள் அல்லது இலைமக்கு. அடிமரத்தைத் தொடாமல் போடுங்கள். கறுப்புத் துணி விரித்துக் கல் பரப்ப வேண்டாம்.

செப்டெம்பரில் நடுங்கள். மண்ணில் சூடு இருக்கும், சீடாரின் தாகமும் குறைந்திருக்கும். முதல் இரண்டு கோடையும் தண்ணீர் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். வேலிக்கு அடியில் மழை சரியாக விழுவதே இல்லை; மழை பெய்த அடுத்த நாளும் விரலை விட்டுப் பாருங்கள், மண் தூளாக இருக்கும். கசிவு ஹோஸ் ஒன்றை வரிசை நீளத்துக்கு மரத்தூளுக்கு அடியில் போட்டுவிட்டால் வேலை சுலபம். நிலம் உறையும்வரை, அதாவது நவம்பர்வரை, நிறுத்தாதீர்கள். தோண்ட முதல் 'ஒன்ராறியோ வன் கோல்' (Ontario One Call) என்ற சேவைக்குச் சொல்லி, நிலத்துக்குள் காஸ், கேபிள் எங்கே போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இலவசம்தான், சட்டப்படி கட்டாயமும்கூட.

பசளைப் பையைத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுங்கள். நயாகரா பாறைத் தொடரின் செங்குத்துச் சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளில், பிடி மண்கூட இல்லாத இடத்தில், ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட வெள்ளைச் சீடார்கள் நிற்கின்றன. 1980களின் இறுதியில் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள்தான் அவற்றின் வயதைக் கண்டறிந்தார்கள். இந்த மரத்துக்குப் பசி பெரிய பிரச்சினை இல்லை. எவர்கிரீன் பசளை மண்ணைப் புளிப்பாக்குவதற்கென்றே செய்தது. சுண்ணாம்பில் சுகமாக வளர்கிற சீடாருக்கு அது தேவையுமில்லை. உப்பால் ஏற்கெனவே நொந்த வேருக்கு இரசாயனப் பசளை இன்னும் உப்பைச் சேர்க்கும். பூச்சிமருந்து பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் யாராவது சொல்லுவார்கள். சீடார் இலைதுளைப்பான் தாக்கினால் வேலி முழுக்க நுனி நுனியாகப் பழுக்கும், அடி மட்டும் மொட்டையாகாது. உங்கள் வேலியில் அது இல்லை. 2009 முதல் ஒன்ராறியோவில் தோட்ட அழகுக்காகப் பூச்சிக்கொல்லி அடிப்பதற்குத் தடையும் உண்டு.

எல்லாவற்றையும் பிடுங்கச் சொன்னவருக்கு என்ன பதில்? மொட்டை நாலு அடிக்கு மேலே ஏறியிருந்தாலோ, வரிசையில் மூன்றில் ஒன்று செத்திருந்தாலோ நானும் அதையே சொல்லியிருப்பேன். உங்கள் வேலி அந்த நிலைக்கு வரவில்லை. புதிய வேலி வைத்தாலும் மேப்பிள் நிழல், உப்பு, முயல் மூன்றும் அங்கேயே இருக்கும். சில வருடத்தில் அதுவும் இதே கோலத்துக்கு வரும். அதோடு, பிடுங்குவதற்கு முன் சர்வே படத்தை எடுத்து எல்லையைப் பாருங்கள். அடிமரம் எல்லைக்கோட்டின் மேல் நின்றால், ஒன்ராறியோ வனச் சட்டப்படி அது இரண்டு வீட்டாருக்கும் பொதுச் சொத்து. அவர்களுடைய சம்மதம் இல்லாமல் வெட்டுவது குற்றம். எல்லை வேலிக்காக வழக்குப் பேசிய கதைகள் நமக்குப் புதியவை அல்ல, இங்கேயும் ஒன்று வேண்டாம். முகம் கத்தரிப்பதற்கும் கொப்புக் கட்டுவதற்கும்கூடப் பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. நாயைப் பற்றியும் அப்போதே பேசிக்கொள்ளலாம்.

நாய்க்கும் முயலுக்கும் ஒரே மருந்துதான். மூன்று அடி உயரம், ஒரு அங்குலக் கண் உள்ள கம்பிவலை. இரண்டு அடி வலை மலிவு என்று வாங்காதீர்கள். பனி ஒரு அடி படிந்தால் முயல் அதன்மேல் ஏறி நின்று சாப்பிடும். வலையை வேலிக்கு வெளியே கட்டாமல் உள்ளே, அடிமரங்களை ஒட்டி ஓட்டினால் நாய் நுழையாது, வெளியே தெரியவும் தெரியாது. முயல் வெளிப்பக்கத்துப் புது இலையைக் கடிக்கும் என்பதால், மண்ணில் பதித்த கொப்புகளையும் புதிதாக நட்ட செடிகளையும் தனியாக வளைத்து இன்னொரு சுற்று கட்டுங்கள். வலையின் அடி ஓரத்தை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் புதைத்து, ஆறு அடிக்கு ஒரு முளை அடியுங்கள். ஒக்டோபருக்குள் முடித்துவிடுங்கள், நிலம் உறைந்த பிறகு முளை இறங்காது.